பதினோராம் பங்கின் பின்னந்தலைகள்

பனிக்கல்லட்டியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த சரிவை முப்பது பங்காகப் பிரித்து, சொந்த நிலமில்லாத ஊர்க்காரர்களுக்குப் பேரூராட்சி குலுக்கல் போட்டுக் கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்த ஒரு கார்த்திகையில், பதினோராம் பங்குக்காரியான ஞானசௌந்தரி நட்ட புரோக்கோலி நாற்றுகள் இருபத்துநான்கும், தை முடிவதற்குள் இருபத்துநான்கு பேருடைய பின்னந்தலைகளாக விளைந்து நின்றன. முகம் கிடையாது. நெற்றி, மூக்கு, மீசை எதுவும் கிடையாது. இடப்பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தாலும் பின்னந்தலை, வலப்பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தாலும் பின்னந்தலை, மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தால் பிடரி.

ஞானசௌந்தரிக்கு ஐம்பத்தாறு வயது. தேயிலை ஃபாக்டரியில் இலைக்குள் கிடக்கும் குச்சியைப் பொறுக்கிப் பொறுக்கியே முப்பது வருஷம் கழித்தவள், ஆகையால் எதிலும் எது சேராதது என்று அவள் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். தோட்டக்கலை அலுவலகத்தில் இலவச நாற்று கொடுத்த அன்று காரட் விதைக்கும் பீன்ஸ் விதைக்கும் வரிசையில் நின்றவர்கள் வாங்கித் தீர்த்துவிட, கடைசியில் நின்ற அவளுக்கு யாரும் தொடாத ஒரு தட்டு புரோக்கோலி நாற்று மிஞ்சியது. இங்கிலீஷ் காய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் சுண்ணாம்பு போட்டு, தொழுவுரம் போட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, இலைப்புழுவைக் கையால் பொறுக்கி நசுக்கிப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தாள். அறுபதாம் நாள் இலை நடுவில் பச்சையாகப் பொத்தான் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது, எழுபதாம் நாள் அது முஷ்டி ஆனது, எண்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"டீச்சர், இந்தக் காய் படத்துல உருண்டையா இருக்குது. எனக்கு வந்தது பாருங்க, ஒண்ணு நீளம், ஒண்ணு சப்பை. இதுல பாருங்க, வகிடு எடுத்த மாதிரி இருக்கு" என்று பக்கத்துப் பத்தாம் பங்கில் பீட்ரூட் போட்டிருந்த சுலோச்சனா டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "வெயில் தட்டியிருக்கும் ஞானம். ஆபீஸ்ல போய்ச் சொல்லு" என்றாள்.

மூன்று நாள் நடையாய் நடந்து, ஒவ்வொரு நாளும் பீரோவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பு தேடிக்கொண்டிருந்த உதவி அலுவலர் திருமேனிக்குப் பின்னால் காத்து நின்று, நான்காம் நாள் அவரைக் கையோடு அழைத்து வந்தாள். திருமேனி படித்தவர், எதற்கும் காரணம் உண்டு என்று நம்புகிறவர். மண்ணைக் கிள்ளித் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு தாளை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மண்ணுல புளிப்பு ஜாஸ்தி. சுண்ணாம்பு போட்டீங்களாம்மா?"

"நடுறதுக்கு இருபது நாள் முந்தியே போட்டேன் சார்."

"நட்டதும் திடீர்னு வெயில் அடிச்சிருக்கும். வெயில் தட்டினா தலை கட்டாமப் பொத்தானாவே நின்னுடும்."

"தலை கட்டியிருக்கு சார். கட்டின தலைதான் சரியா இல்லை."

திருமேனி ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஏழாவது செடியில் நின்றார். அதன் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பச்சை உதிர்ந்து வெளுத்துப் போயிருந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இதோ, கண்டுபிடிச்சாச்சு. போரான் சத்துக் குறை. இல்லேன்னா தலையழுகல். நடுவுல ஆரம்பிச்சுச் சுத்தியும் பரவும். இது முத்திப் போச்சும்மா, இனிமே என்ன மருந்து போட்டாலும் பிரயோஜனம் இல்லை."

ஒன்பதாம் பங்கில் காரட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே முப்பத்தைந்து வருஷமாகச் சலூன் வைத்திருப்பவர். ஊர்க்காரர்களின் முகத்தைவிடப் பின்னந்தலைதான் அவருக்குப் பழக்கம், தெருவில் எதிரே வருகிறவரை யாரென்று தெரியாமல் விட்டுவிட்டு, கடந்து போனபிறகு "அட, நம்ம லிங்கனா!" என்று கூப்பிடுகிற மனுஷன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது நோய் இல்லைங்க."

"பின்னே?"

"அது நீங்கதானுங்க."

திருமேனி சிரிக்கவில்லை. மாசிலாமணி சலூனுக்குப் போய் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, இன்னொன்றை உச்சந்தலைக்குப் பின்னால் உயர்த்திப் பிடித்தார். அலுவலர் கண்ணாடியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"நாலு வருஷமா சார். கேக்காம சொல்லக் கூடாதுங்கிறது எங்க தொழில் வழக்கம்."

அன்றைய அறிக்கையில் திருமேனி, 'நோய்த் தாக்குதல் இல்லை. வயதின் காரணமான இயற்கை உதிர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மாசிலாமணி ஒவ்வொரு பாத்தியாக நடந்து அடையாளம் சொன்னார். இது தபால்கார நஞ்சன், இது ரேஷன் கடை பீமன், மெஷின் கட்டிங், போன மாசம் நான்தான் பண்ணினேன். இது மாதா கோயில் பங்குச்சாமியார், இந்தப் பக்கம் ஒரு தழும்பு. இது நம்ம சுலோச்சனா டீச்சர், கொண்டை கொஞ்சம் இடப்பக்கம் சாயும். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஊரே சரிவில் நின்றது. யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து கூடவே சுமந்துகொண்டு திரிந்தும் ஒருநாளும் நேரில் பார்க்காத ஒன்றைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. நஞ்சன் தன்னுடையதன் முன் உட்கார்ந்து, "பரவாயில்லையே, நான் ரொம்ப மோசமா நினைச்சிருந்தேன்" என்றார். பீமனின் மனைவி, வீட்டில் கேள்வி கேட்டால் திரும்பிக்கொள்ளும்போது தெரிகிற தலை இதுதான் என்று உறுதிசெய்து, அதன் மேல் லேசாக ஒரு குட்டு வைத்தாள். உறைபனி விழும் காலம் என்பதால் ஆளாளுக்கு மங்கி குல்லா கொண்டுவந்து மாட்டினார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள், எண்ணெய்க்கு எறும்பு வந்ததும் துடைத்தார்கள். கோத்தகிரியிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், முகத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள் என்று சொல்லி, முதலில் பதினோராம் பங்குக்கு வந்து பெண்ணின் பின்னலைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே வீட்டுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டது.

ஏன் இந்த இருபத்துநான்கு பேர் என்ற கேள்விக்கும் ஒரு வாரம் ஓடியது. ஞானசௌந்தரி மாதா கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் விளைந்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அப்படியானால் காலையில் நாமம் போடாமல் காப்பி குடிக்காத திருமேனி எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று கேட்டார்கள் வேறு சிலர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தலை விளையாதவர்கள்தான் மனவருத்தப்பட்டார்கள், எல்லாரையும்விட அதிகமாக வருத்தப்பட்டவர் பேரூராட்சித் தலைவர் போஜன். இரண்டு முறை வந்து, ஒவ்வொரு பாத்தியாகத் தேடி, களைச்செடிகளைக்கூட விலக்கிப் பார்த்துவிட்டுப் போனார். "தலைவருக்கே தலை இல்லையாமே" என்று டீக்கடையில் யாரோ சொன்னது அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், பங்கு நிலத்தில் முற்றிய பயிரை ஏழு நாளுக்குள் அறுவடை செய்யாவிட்டால் பங்கு ரத்தாகும் என்று ஞானசௌந்தரிக்கு நோட்டீஸ் வந்தது. மாசிலாமணி தலைவரைச் சலூனுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, இரண்டு கண்ணாடி வைத்து அரை மணி நேரம் காட்டினார். வெளியே வந்தபோது தலைவரின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கோப்பு நகர்ந்துவிட்டிருந்தது, நகர்ந்த கோப்பைத் தலைவராலும் நிறுத்த முடியாது.

ஊருக்கு வெட்ட மனமில்லை. ஞானசௌந்தரிக்கு அதைவிட மனமில்லை, அதற்குக் காரணம் குழாயடி மூலையில் நின்ற இருபத்துநான்காவது செடி. அதை மட்டும் மாசிலாமணி "இது யாருன்னு பிடிபடலை" என்று சொல்லித் தாண்டிப் போனார். அவருக்குப் பிடிபட்டிருந்தது. அவளுக்கு அவருக்கும் முன்பே, அது முஷ்டி அளவில் இருந்தபோதே பிடிபட்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அடர்த்தியான சுருள், காதுக்கு மேலே அடங்காமல் சிலுப்பிக்கொண்டு நிற்கும் ஒரு கற்றை, உச்சியில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று கல்யாணத்தன்றே சித்தி ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, குக்கருக்கு காஸ்கெட் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப்போன அவள் புருஷன் தேவசகாயம், மேட்டுப்பாளையத்தில் இன்னொரு வீட்டில் குக்கர் வைத்துக் குடியிருக்கிறான் என்று செய்தி மட்டும் வந்தது. அவள் கடைசியாகப் பார்த்தது இந்தத் தலையைத்தான், வளைவில் மறைகிற வரைக்கும்.

தினமும் மூன்று மணிக்கு மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும், சாக்கை விரித்து மூலைச் செடியின் முன் உட்காருவாள். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "காஸ்கெட் கிடைச்சுதா?" என்று கேட்டாள். பிறகு மடை திறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மாமியார் மூட்டுவலி, கூரைத் தகரம், தனியாக முடித்த மகள் கல்யாணம், அந்தக் கல்யாணத்தில் அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொன்ன ஏழு விதமான பொய், எல்லாம் வந்தது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவள் வாயைத் திறந்தாலே எழுந்து போகிற தலை அது. இப்போது வேர் பிடித்து நின்றது, எங்கும் போக முடியாது, கேட்டே தீரவேண்டும். அடுத்த பங்கில் களை பறிக்கும் டீச்சர் காதில் எல்லாம் விழும், ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டாள். ஒரே ஒரு முறை மட்டும், ஞானசௌந்தரி சாக்கைச் சுருட்டும்போது, "ஞானம், அந்த அடகு வச்ச தையல் மெஷின் விஷயம் இன்னும் சொல்லலையே" என்று ஞாபகப்படுத்தினாள்.

"நாளைக்கு வச்சிருக்கேன் டீச்சர்."

இப்படி இருக்கையில் நோட்டீஸ் வந்த நான்காம் நாள் விடியற்காலை, ஒற்றைக் காட்டெருமை ஒன்று வேலியை மிதித்துக்கொண்டு இறங்கி, பீட்ரூட்டை முகர்ந்து வேண்டாமென்று விட்டு, பதினோராம் பங்கில் சுலோச்சனா டீச்சரின் தலையைக் கொண்டையோடு கடித்துத் தின்றுவிட்டுப் போனது. பால்காரர் பார்த்துவிட்டுக் கத்தினார். ஊர் போட்டது போட்டபடி டீச்சர் வீட்டுக்கு ஓடியது, ஞானசௌந்தரி செருப்பில்லாமல் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள், தன் பங்கில் விளைந்ததால் ஒரு உயிர் போயிற்றே என்று புலம்பிக்கொண்டே.

டீச்சர் கையில் இட்லித் தட்டோடு கதவைத் திறந்தாள். "என்ன எல்லாரும் வாசல்ல வந்து நிக்கிறீங்க? யாராவது தவறிட்டாங்களா?"

மாசிலாமணி மெதுவாக உள்ளே நுழைந்து, டீச்சரைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்து, வாசலைப் பார்த்து, "இருக்குங்க" என்றார். ஞானசௌந்தரி படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வெட்டினால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்குள் திருமேனி வந்து, மொட்டுகள் மஞ்சளாகத் திறக்கத் தொடங்கிவிட்டன, இன்னும் மூன்று நாளில் பூத்துவிடும், பூத்தால் கசக்கும், யாரும் வாயில் வைக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரவர் வந்து அவரவருடையதை வெட்டிக்கொள்வது என்று முடிவானது. வெட்டியதை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. தன் தலையைத் தானே தின்பது பாவம் என்றார் பீமன். அடுத்தவன் என் தலையைத் தின்ன நான் விடமாட்டேன் என்றார் நஞ்சன். தூக்கி எறிவதா என்றபோது இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். கடைசியில் மாசிலாமணி, "எல்லாம் ஒரே அண்டாவுல போடுங்க. வெந்த பிறகு யார் தலை யாருதுன்னு எனக்கே தெரியாது" என்றார். அதற்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். திருமேனிக்கு மட்டும் பூண்டில்லாமல் தனியாக ஒரு கரண்டி.

ஞாயிறு காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தேவசகாயம் வந்து இறங்கினான். யாரும் சொல்லி அனுப்பவில்லை, மலைக்கும் கீழுக்கும் போய்வருகிற டிரைவர்கள் மூலமாகச் செய்தி தானாகவே இறங்கியிருந்தது. கையில் மஞ்சப்பை. தொப்பை விழுந்திருந்தது. தலையில் ஒரு முடி இல்லை. பிடரியிலிருந்து நெற்றிவரை வழவழவென்று, சுழி இருந்த இடம்கூடத் தெரியாமல், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பதினோராம் பங்கில் கூட்டம் விலகி வழிவிட்டது. ஞானசௌந்தரி கையில் அரிவாளோடு நின்றாள். பத்தொன்பது வருஷம் கழித்து அந்த முகத்தைப் பார்த்தபோது, அதை எப்போதோ மறந்துவிட்டிருக்கிறோம் என்பதுதான் அவளுக்கு முதலில் தெரிந்தது.

அவன் அவளைத் தாண்டிப் போனான். மூலைச் செடியின் முன் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டான். வாழ்நாளில் ஒரு பொருளையும் ஒரு மனுஷியையும் அவன் அப்படித் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"எவ்வளவு அடர்த்தி" என்றான். "ஞானம், எவ்வளவு அடர்த்தியா இருந்துச்சு பாரு."

"பார்த்தேன்" என்றாள்.

"வெட்டாதே. நான் தினம் வந்து தண்ணி ஊத்துறேன்."

"இன்னிக்கு வெட்டலேன்னா எனக்குப் பங்கு போயிடும். நாளைக்குப் பூத்துடும், கசக்கும்." அரிவாளை அவன் பக்கம் நீட்டினாள். "அவங்கவங்க வெட்டிக்கணும்னு ஊர் முடிவு."

அவன் வாங்கிச் செடியின் கழுத்தில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். முடியவில்லை. ஊர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞானசௌந்தரி குனிந்து அரிவாளை வாங்கி, ஆறு அங்குலத் தண்டு விட்டு, திருமேனி சொல்லிக் கொடுத்தபடி சாய்வாக, ஒரே வீச்சில் அறுத்தாள். பிறகு அதைக் கூடையில் மற்றவற்றோடு போட்டாள். மேலே பீமன், பக்கத்தில் பங்குச்சாமியார்.

தண்ணீர்த் தொட்டி மேடையில் இலை போட்டார்கள். குருமா, சாதம், அப்பளம். தலைவர் போஜன் முதல் பந்தியில் உட்கார்ந்து, இந்த அண்டாவில் தனக்குப் பங்கில்லை என்ற குறையை மறந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். தலையைத் தின்பதா கூடாதா என்று சண்டை போட்ட நஞ்சனும் பீமனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லில் பட்டது யாராயிருக்கும் என்று தெரியாமல், ஒருவருக்கொருவர் மரியாதையாக மென்றார்கள். ஞானசௌந்தரி கரண்டியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். தேவசகாயத்தின் இலைக்கு வந்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தாள். மாமியார், தகரம், கல்யாணம், தையல் மெஷின் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சொல்லியாகிவிட்டது. மூன்று மணி மூன்று மணியாக, ஒன்றுவிடாமல், சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாள். முகத்துக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

அவன் பிசைந்து சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான், உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றான். பிறகு தலையை நிமிர்த்தாமல், "ஞானம், அங்கே இப்ப நிலைமை சரியில்லை. நான் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டான்.

பந்தி முழுக்கக் கை நின்றது. சுலோச்சனா டீச்சர் அப்பளத்தைக் கடிக்காமல் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இரு" என்றாள் ஞானசௌந்தரி. இன்னொரு கரண்டி குருமாவை அவன் இலையில் ஊற்றினாள். "சாப்பிட்டுட்டுப் போ."

டீச்சர் அப்பளத்தைக் கடித்த சத்தம் தொட்டி வரைக்கும் கேட்டது.

அவன் சாப்பிட்டான், கை கழுவினான், இரண்டேகால் பஸ்ஸுக்குப் போனான். போகும்போது அவனைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, மூன்றாம் பந்திக்குச் சாதம் போதாமல் வடித்துக்கொண்டிருந்தாள்.

அறுத்த தண்டுகளைப் பிடுங்கிவிட வேண்டாம், பக்கத்தில் சிம்பு விடும் என்று திருமேனி சொல்லியிருந்தார். அப்படியே மூன்று வாரம் கழித்து, ஒவ்வொரு தண்டிலும் கணுவுக்குக் கணு கட்டைவிரல் பருமனில் சின்னச் சின்னப் பூவாக வந்தது. ஞானசௌந்தரி மூலைச் செடியிலிருந்து ஒன்றைக் கிள்ளினாள். வெளிச்சத்தில் வைத்து முன்னும் பின்னும் திருப்பினாள், மேலும் கீழும் பார்த்தாள். யாருமில்லை. மாசிலாமணியைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சத்தியமா யாருமில்லைம்மா, வெறும் காய்தான்" என்றார். குழாயில் கழுவி, டீச்சர் கொடுத்த உப்பைத் தொட்டு, பச்சையாகவே வாயில் போட்டு மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் டீச்சர்.

ஞானசௌந்தரி மென்று முழுங்கி, யோசித்து, இன்னொன்றைக் கிள்ளினாள்.

"ஒண்ணுமே இல்லை டீச்சர்" என்றாள். "நல்லா இருக்கு."